யாழ்ப்பாணத்து வெக்கையில் புறொசெசருக்கு எந்தக் கூலர்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொக்குவிலில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் ஸ்ரூடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். அறை மேல்மாடியில், அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ் இருக்கிறது. இன்ரெல் கோர் ஐ9 14900கே புறொசெசரையும் 240 மில்லிமீற்றர் லிக்குவிட் கூலரையும் பூட்டிய கணினியில், மதிய வேளையில் நீண்ட வீடியோ ஒன்றை றெண்டர் செய்யும்போது வெப்பநிலை 100 பாகையைத் தொடுகிறது, வேலையும் மந்தமாகிறது. ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனரிடம் இதே புறொசெசரும் இதே கூலரும் உள்ளன. அவருடையது 86 பாகைக்கு மேல் ஏறுவதில்லை என்கிறார். எனது கூலர் பழுதானதா? இதைவிடப் பெரியது வாங்க வேண்டுமா?
— ஸ்ரூடியோ உரிமையாளர், கொக்குவில்

பதில்: உங்கள் கூலர் பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் எழுதிய இரண்டு எண்களையும் இரண்டு ஊர்களின் வெப்பநிலையோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். காற்றால் ஆறவைப்பதாயினும் திரவத்தால் ஆறவைப்பதாயினும், புறொசெசரில் பிறக்கும் வெப்பத்தை எடுத்துச் சென்று அறையின் காற்றில் கலந்துவிடுவதே ஒரு கூலரின் வேலை. குளிரை உண்டாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே புறொசெசரின் வெப்பநிலை எப்போதும் அறையின் வெப்பநிலைக்கு மேலேதான் நிற்கும். எத்தனை பாகை மேலே நிற்கும் என்பதை மட்டுமே கூலரின் திறமை தீர்மானிக்கிறது. உங்கள் மைத்துனரின் அறை 21 பாகையில் இருக்கிறது என்று கொண்டால், அவர் காணும் 86 பாகையில் கூலர் பொறுப்பேற்க வேண்டிய பங்கு 65 பாகை. சித்திரை, வைகாசி மதியத்தில் கூரைச் சூடு இறங்கும் உங்கள் மேல்மாடி அறை 35 பாகையை எட்டுவது புதுமையன்று. அந்த 35 உடன் அதே 65 ஐக் கூட்டினால் 100 வருகிறது. இரண்டு கூலர்களும் ஒரே அளவு வேலையைத்தான் செய்கின்றன. உங்களுடையது 14 பாகை உயரத்திலிருந்து புறப்படுகிறது.

14900கே புறொசெசருக்கு இன்ரெல் குறித்துள்ள உச்ச வெப்பநிலை 100 பாகை. அதைத் தொட்டவுடன் புறொசெசர் தன்னைக் காத்துக்கொள்வதற்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் காணும் மந்தம் அதுவே. வெளிநாட்டு மதிப்பாய்வுகளைப் படித்துக் கூலர் வாங்கும் எல்லோருக்கும் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: அவர்கள் சோதித்த அறையின் வெப்பநிலை என்ன என்பதை முதலில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது 20 இலிருந்து 25 பாகைக்குள் இருக்கும். உங்கள் அறைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுடைய எண்ணோடு கூட்டிய பின்னரே அந்தக் கூலர் உங்களுக்குப் போதுமா என்று முடிவெடுங்கள். பலர் இதைச் செய்யாமல் பணத்தைக் கொட்டிவிட்டுப் பின்னர் கடைக்காரரோடு முரண்படுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இனி, வெப்பத்தின் மறுபக்கமான மின்நுகர்வைப் பார்ப்போம். இந்தப் புறொசெசரின் அடிப்படை மின்நுகர்வு 125 வாற். முழு வேகத்தில் ஓடும்போது இன்ரெல் அனுமதிக்கும் உச்சம் 253 வாற். ஆனால் பல மதர்போர்ட்கள், நாலாயிரம் வாற்றுக்கு மேற்பட்ட எண் ஒன்றை எல்லையாக வைத்தே விற்பனைக்கு வந்தன. எல்லையே இல்லை என்பதுதான் அதன் பொருள். அத்தகைய போர்டில் புறொசெசர் தன்னால் இயன்ற அளவு மின்சாரத்தை இழுத்து, கூலர் தாங்க முடியாத இடம் வரை போய் நிற்கும். எனவே புதிய கூலருக்குப் பணம் தேடுவதற்கு முன்னர் உங்கள் பயொஸ் அமைப்பை (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளை) திறந்து, பி.எல். 1, பி.எல். 2 என்று குறிப்பிடப்படும் இரண்டு மின்நுகர்வு எல்லைகளையும் பாருங்கள். அங்கே 253 ஐவிடப் பெரிய எண் இருந்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

பயொஸைத் திறக்கும்போதே இன்னொன்றையும் செய்யுங்கள். இதைக் கூலரைவிட அவசரமானதாகவே கருதுகிறேன். இன்ரெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புறொசெசர்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தம் காரணமாகக் காலப்போக்கில் பழுதடைகின்றன என்பதை அந்த நிறுவனமே 2024 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டு, அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலும் அதன் பின்னரும் திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியோடு விற்கப்பட்ட புறொசெசர்களுக்கான உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அந்தத் திருத்தம் பயொஸ் புதுப்பிப்பின் வழியாகவே உங்கள் கணினிக்கு வந்து சேரும். ஏற்கெனவே பழுதடைந்த ஒன்றை அது சரிசெய்யாது; பழுதடையாமல் இருப்பதை மட்டுமே காக்கும். ஆகவே நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் மைத்துனரின் புறொசெசர் 253 வாற்றில் ஓடுகிறது என்று கொண்டால், நீங்கள் எல்லையை 253 இல் நிறுத்தினாலும் மேலே கணக்கிட்டபடி உங்கள் அறையில் 100 பாகை வரும். அதை 190 வாற்றுக்கு இறக்கினால் என்ன நடக்கும்? அறைக்கும் புறொசெசருக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ வாற்றின் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். 253 வாற்றுக்கு 65 பாகை என்றால் 190 வாற்றுக்குச் சுமார் 49 பாகை; 35 உடன் கூட்டினால் 84. ஒரு சதமும் செலவில்லாமல் 16 பாகை இறங்குகிறது. வேகம் குறையாதா என்று கேட்பீர்கள்; குறையும், ஆனால் வாற் குறைந்த அளவுக்கு வேகம் குறைவதில்லை. உச்ச வேகத்துக்கு அருகே சிறிதளவு வேகத்தைக் கூட்டுவதற்கும் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது, மின்நுகர்வோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. இதனால் கடைசி அறுபது வாற்றால் கிடைக்கும் பயன் மிகச் சிறியது. மதியம் முழுவதும் 100 பாகையில் திணறித் திணறி ஓடும் கணினியைவிட, 190 வாற்றில் சீராக ஓடும் கணினி உங்கள் வேலைக்கு உகந்தது. அத்துடன், இந்தப் புறொசெசருக்குள்ளேயே வீடியோக்களைச் சுருக்கி எழுதுவதற்கென்று குவிக் சிங்க் என்னும் தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் தொகுப்பு மென்பொருளில் அதைத் தெரிவு செய்தால் அந்தச் சுமையில் பெரும்பகுதி பொதுக் கோர்களை (எல்லா வேலைகளுக்குமான கணிப்புப் பகுதிகளை) விட்டு நீங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பின்னரும் 253 வாற்றையும் மணிக்கணக்காக எடுக்க வேண்டிய தேவை உங்களுக்கு இருந்தால், மூன்று 120 மில்லிமீற்றர் விசிறிகள் கொண்ட 360 மில்லிமீற்றர் லிக்குவிட் கூலரைத்தான் நான் சொல்வேன். அதுவும் உங்கள் மதியத்து அறையில் எல்லைக்கு அருகிலேயே நிற்கும் என்பதை அறிந்து வாங்குங்கள். ஆர்க்டிக் லிக்குவிட் பிறீசர் 3 போன்றவற்றின் றேடியேற்றர் (சூடான திரவத்தை ஆறவைக்கும் தகட்டுப் பகுதி) 38 மில்லிமீற்றர் தடிப்பானது. வழமையானவை 27 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். கேஸிங்கின் மேற்பகுதியில் விசிறிகளோடு சேர்த்து அந்தத் தடிப்புக்கு இடம் இருக்கிறதா என்று அடிமட்டம் வைத்து அளந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். கூலரின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் வாற் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அந்த எண்ணைக் கணிப்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை எதுவும் இல்லை.

190 வாற்றோடு நிறுத்திக்கொள்வீர்களானால், இப்போதுள்ள 240 கூலரை அது உழைக்கும் வரை வைத்திருங்கள். அதன் காலம் முடிந்ததும் இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலருக்கு மாறுங்கள் என்பதே என் ஆலோசனை. இதைச் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நானும் லிக்குவிட் கூலர் பாவித்தவன். நான்காவது ஆண்டில் ஒரு நாள் அதன் பம்ப் நின்றுவிட்டது. கணினி தொடங்கிய சில நிமிடங்களில் தானாகவே அணைந்தது. உத்தரவாதத்துக்காகக் கூலரைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு மாற்றீடு வரும் வரை ஆறு வாரங்கள் காத்திருந்தேன். அந்த ஆறு வாரமும் என் வேலை முடங்கியது. காற்றுக் கூலரில் பழுதடையக்கூடிய பகுதி விசிறி மட்டுமே. 120 மில்லிமீற்றர் விசிறியை யாழ்ப்பாண நகரிலேயே வாங்கி அன்று மாலைக்குள் பூட்டிவிடலாம். உங்களைப் போல் வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு இரண்டு மூன்று பாகை வெப்பநிலையைவிடப் பெரியது.

கடைசியாக, உங்கள் அறை. 253 வாற் புறொசெசரோடு ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஓடினால் ஐந்நூறு வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் அந்த அறைக்குள்ளேயே கொட்டப்படுகிறது. யன்னலைச் சாத்திவைத்தால் 35 என்பது 37 ஆகலாம். அந்த இரண்டு பாகையும் அப்படியே புறொசெசரில் ஏறும். கூரையின் கீழே தட்டு அடிப்பதும், சூடான காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றைச் சுவரின் மேற்பகுதியில் பொருத்துவதும் கூலருக்குச் செலவழிக்கும் பணத்துக்கு நிகரான பலனைத் தரும். கேஸிங்கின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு முழமாவது முன்னே இழுத்து வையுங்கள்.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவி. இயந்திரக் கற்றல் தொடர்பான ஆய்வுக்காக ஏ.எம்.டி. றைசன் 9 9950எக்ஸ் புறொசெசரில் கணினி ஒன்றை அமைக்கவிருக்கிறேன். இதற்கு லிக்குவிட் கூலர் இல்லாமல் முடியாது என்று சீனியர் அண்ணாமார் சொல்கிறார்கள். 95 பாகையில் ஓடுவது இதற்கு இயல்பு என்றும் ஒருவர் சொன்னார். எதை நம்புவது?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டாவது கூற்று சரியானது. முதலாவது பாதி மட்டுமே சரி. 2022 ஆம் ஆண்டில் றைசன் 7000 வரிசை வந்தபோதே, முழுச் சுமையின் கீழ் 95 பாகை வரை ஏறி அங்கேயே நின்று வேலை செய்யும்படி அவை வடிவமைக்கப்பட்டுள்ளன என்பதை ஏ.எம்.டி. வெளிப்படையாக அறிவித்தது. உங்கள் 9950எக்ஸின் உச்ச வெப்பநிலையும் 95 பாகை. அது எடுக்கக்கூடிய உச்ச மின்சாரம் 230 வாற். வெப்பநிலைக்கு இடமிருக்கும் வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகையால் சிறந்த கூலரைப் பூட்டியும் 95 ஐக் கண்டால் அஞ்ச வேண்டாம். அந்த 95 பாகையில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

லிக்குவிட் கூலர் பற்றிய கூற்று ஏன் பாதி சரி என்றால், இந்தப் புறொசெசரில் வெப்பம் பிறக்கும் இடம் மிகச் சிறியது. கோர்கள் அடங்கிய இரண்டு சில்லுகளும் ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீற்றர் பரப்பு மட்டுமே கொண்டவை. அவற்றின் மேல் தடித்த செப்புத் தகடு ஒன்று மூடியிருக்கிறது. அந்தச் சிறிய இடத்திலிருந்து தகட்டுக்கு வெப்பம் ஏறி வரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. வெளியே எவ்வளவு பெரிய றேடியேற்றரை வைத்தாலும் உள்ளே இருக்கும் அந்த நெருக்கடி தீராது. இதனால்தான் நல்ல காற்றுக் கூலருக்கும் 360 லிக்குவிட் கூலருக்கும் இடையிலான வேறுபாடு, விலையைப் பார்த்து நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு வருவதில்லை.

காற்றுக் கூலருக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது அழகான ஏற்பாடு. அதன் செப்புக் குழாய்கள் திண்மமானவையல்ல. குறைந்த அமுக்கத்தில் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டு, உட்சுவரில் செப்புத் தூள் படிய வைக்கப்பட்டிருக்கும். அடியில் சூடேறிய நீர் ஆவியாகி மேலே ஓடி, தகடுகளுக்கிடையே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி நீராகி, அந்தத் தூளின் நுண்துளைகள் வழியாக அடிக்குத் திரும்புகிறது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. தேர்மல்றைற் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்.ஈ. என்னும் கூலரில் இத்தகைய குழாய்கள் ஆறு இருக்கின்றன. நொக்டுவா என்.எச். டி15 போன்ற பெயர்பெற்ற கூலரின் பாதி விலைக்கும் மிகக் குறைவாக அது கிடைக்கிறது. திறனில் அதற்கு மிக அருகில் நிற்கிறது. மாணவியாகிய உங்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். அதன் உயரம் 155 மில்லிமீற்றர். டி15 இன் உயரம் 165. நீங்கள் பார்த்திருக்கும் கேஸிங் எவ்வளவு உயரத்தை அனுமதிக்கிறது என்பதையும், ராம் துண்டுகள் உயரமான அலங்கார மூடி போட்டவையா என்பதையும் வாங்குமுன் பாருங்கள். உயரமான ராமின் மேல் முன் விசிறியைத் தூக்கிப் பூட்ட வேண்டி வரும். அப்போது கேஸிங்கின் கதவு மூடாமல் போகலாம்.

பூட்டிய பின் பயொஸில் ஈகோ மோட் என்னும் மின்சாரச் சிக்கன அமைப்பைத் திறந்து 105 வாற் தெரிவை எடுங்கள். 105 என்பது பெயரளவு எண்தான்; உண்மையில் புறொசெசர் 142 வாற் வரை இழுக்கும், அதற்கு மேல் போகாது. இரவு முழுவதும் கணிப்புகளை ஓடவிட்டு அதே அறையில் உறங்க வேண்டிய மாணவர்களுக்கு, விசிறியின் இரைச்சல் அடங்குவது ஒன்றே இதற்குப் போதிய காரணம். மேலும், இயந்திரக் கற்றலில் பெருஞ்சுமை கிராபிக்ஸ் கார்டில்தான் விழும். கூலரில் மிச்சம் பிடித்த பணத்தை அங்கே போடுங்கள்.

கேள்வி: இன்ரெல் 10 ஆம் தலைமுறைக் கணினியில் பாவித்த நல்ல கூலர் ஒன்று கைவசம் இருக்கிறது. 14 ஆம் தலைமுறைக்கு மாறும்போது அதையே பூட்டலாமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: அப்படியே பூட்ட முடியாது. 10 ஆம் தலைமுறைக்கான எல்.ஜி.ஏ. 1200 போர்டில் கூலருக்கான துளைகள் 75 மில்லிமீற்றர் இடைவெளியில் இருந்தன, 14 ஆம் தலைமுறைக்கான எல்.ஜி.ஏ. 1700 இல் அது 78 மில்லிமீற்றர் ஆனது, புறொசெசரின் உயரமும் சற்றுக் குறைந்தது. இழுத்து வளைத்துப் பூட்டினால் அழுத்தம் சரியாக விழாது. அந்த நிறுவனம் 1700 க்கான பூட்டும் கருவிகளைத் தனியாகத் தருகிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தால் தயங்காமல் பாவிக்கலாம். ஏ.எம்.டி. புறொசெசர்களில், ஏ.எம்.4 என்னும் பழைய பொருத்தியிலிருந்து ஏ.எம்.5 என்னும் புதியதற்கு மாறுபவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

கேள்வி: பெல்ரியர் தகட்டை வைத்து அறை வெப்பநிலைக்குக் கீழே புறொசெசரைக் குளிர்விக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நம் ஊர் வெக்கைக்கு அது பொருந்துமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம். பெல்ரியர் தகடு என்பது மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடேறும் தகடு. புறொசெசர் தரும் வெப்பத்தோடு, தான் எடுக்கும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்தே அது மறுபக்கத்தில் கொட்டும். அதை ஆறவைக்க இன்னும் பெரிய கூலர் தேவைப்படும். அதைவிட ஆபத்தானது நம் காற்றின் ஈரம். ஐஸ் போட்ட கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, குளிர்ந்த தகட்டைச் சுற்றி நீர்த்துளிகள் கட்டி மதர்போர்டில் இறங்கும்.

கேள்வி: வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கணினி வாங்கி இரண்டு ஆண்டுகளில், அதே வேலைக்கு முன்னரைவிடப் பத்துப் பாகை கூடுதலாகச் சூடேறுகிறது. கூலரை மாற்ற வேண்டுமா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: மாற்றுவதற்கு முன் கழற்றிப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வரும் மண்ணும் தூசும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால், கூலரின் தகடுகளுக்கிடையே சாதாரணத் தூசியைப் போல் தங்காமல் பசை போல ஒட்டிக்கொள்ளும். காற்று புகாத தகடு, இருந்தும் இல்லாததற்குச் சமம். முன்பக்க விசிறியைக் கழற்றி எடுத்தால் அதன் பின்னே கம்பளி போல் ஒரு படலம் இருப்பதைக் காண்பீர்கள். மென்மையான தூரிகையால் அதைத் தளர்த்தி, புளோவரால் ஊதி வெளியேற்றுங்கள். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் அதன் பெயாரிங் கெட்டுவிடும். ஈரத் துணியைத் தகடுகளில் படவிட வேண்டாம்.

கூலரைக் கழற்றினால் தேர்மல் பேஸ்றையும் புதிதாக இட வேண்டும். பழையது காய்ந்து வெடித்திருந்தால் பத்துப் பாகையில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கூலரை நேராக மேலே இழுக்காமல், கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ற் இளகிய பின் அணைத்து, மின் இணைப்பையும் நீக்கிவிட்டு, இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பிக் கழற்றுங்கள். ஏ.எம்.4 புறொசெசராயின் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அது கூலரோடு ஒட்டிக்கொண்டு ஊசிகளோடு பிடுங்கப்பட்டு வருவதுண்டு. பழைய பேஸ்றை ஐசோபுறோப்பைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு இடுங்கள். பெரிய புறொசெசராயின் எக்ஸ் வடிவில் மெல்லிய கோடுகளாக இடலாம். இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதான் பேஸ்றின் பணி. செப்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் மிகச் சிறிய பங்கையே கொண்ட பொருள் அது. ஆகவே தடிப்பாகப் பூசினால் தீமையே விளையும். கூலரின் ஆணிகளை மூலைக்கு மூலை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

கடலோரத்தில் இருப்பதால், கேஸிங்கின் முன்புறத்திலும் மேற்புறத்திலும் கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டிகளைப் போட்டு, சோளகக் காலத்தில் மாதம் ஒருமுறையேனும் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளும் விசிறிகளைவிட ஒன்றாவது கூடுதலாக இருந்தால், இடுக்குகள் வழியாகத் தூசு புகுவது குறையும். கணினி மேசை கடலைப் பார்த்த யன்னலின் கீழே இருக்குமானால் அறையின் மறுபக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.